இருவர் படுக்கும் கூடாரம்

கூடாரத்தை முதலில் வீட்டுக்குள் கட்டிப் பார்த்துவிடலாம் என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தபோது, பளிங்குத் தரையில் முளை இறங்காது என்ற சின்ன விஷயம் அவர் மூளையில் இறங்கவில்லை. ஒரு முளையை வைத்துத் தட்டினார். முளை வளைந்தது, தரையில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. சரி, ஆண்டவன் நமக்கும் கொஞ்சம் அறிவு கொடுத்திருக்கிறானே என்று ஒரு கயிற்றை ஃபிரிட்ஜின் கைப்பிடியிலும், அடுத்ததைப் புத்தக அலமாரியின் காலிலும், மூன்றாவதை வாசற்கதவின் கைப்பிடியிலும் இழுத்துக் கட்டினார். கூடாரம் மாப்பிள்ளை மாதிரி விறைத்து நின்றது. உள்ளே தவழ்ந்து போய், ஜிப்பை மூடி, கால் நீட்டிப் படுத்து, மலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

அந்த வாசற்கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அது ஞாபகம் வரவில்லை. மச்சினி வந்து கதவைப் பிடித்து இழுத்தாள்.

ஃபிரிட்ஜ் வாயைப் பிளந்து தண்ணீர்ப் புட்டிகளைக் கக்கியது. அலமாரி ஒரு பக்கம் சாய்ந்து, மேல் தட்டில் இருந்த தலையணை கனத்துத் தேசப்படப் புத்தகங்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தின் மேல் இறங்கின. ஏழு கண்டமும் விழுந்து முடிந்தபின், பட்டென்று கூடாரத்தின் கழி ஒடிந்தது.

"அத்தான்! உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றது துணி மூட்டை. "கழிதான் போயிடுச்சு."

மச்சினி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். பதறினாலும் கை வேலை செய்யும். ஜிப்பைத் தேடிப் பிடித்துத் திறந்து, அத்தானின் தலையை வெளியே எடுத்து, நெற்றி வீக்கத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் நசுங்கிக் கிடந்த கூடாரத்தை நீள அகலம் பார்த்தாள்.

"இதுல நீங்க ஒருத்தரே புரண்டு படுக்க முடியாது போலிருக்கே. அக்காவைக் கண்டுபிடிச்சா அவ எங்க படுப்பா?"

"அவகிட்ட அவளோட கூடாரம் இருக்குமே."

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு அத்தான். அது இன்னுமா கிழியாம இருக்கும்?"

கண்ணாடிக்காரர் ஈரமான தேசப்படங்களைப் பொறுக்கி ஃபேன் அடியில் விரித்து வைக்க ஆரம்பித்தார்.

அவை மனைவியின் புத்தகங்கள். பூகோள டீச்சர். வேலையில் இருந்த காலம் பூராவும் சுவரில் தொங்கும் படத்தில் மலைகளைக் குச்சியால் தொட்டுக் காட்டியவள், ஓய்வு பெற்றதும் காலால் தொட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். நெடும்பாதை என்பது மலைத்தொடரின் முதுகிலேயே போகும் நடைவழி. தனியாக நடந்தால் இரண்டு மாதம் ஆகும். கண்ணாடிக்காரரோ வீட்டுக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் இருந்த இரண்டு தெருவையே வண்டியில் கடக்கிறவர். "நீ போயிட்டு வந்து சொல்லு, நான் உக்காந்து கேட்டுக்கறேன்," என்று அனுப்பி வைத்தார். வழியில் தங்கும் குடில் ஒவ்வொன்றிலிருந்தும் அவள் போன் செய்தாள். "இப்ப நான் நிக்கற இடத்துல மழை ரெண்டாப் பிரியுது. இந்தப் பக்கம் விழுறது கெழக்குக் கடலுக்கு, அந்தப் பக்கம் விழுறது மேற்குக் கடலுக்கு. காதுல விழுதா?" என்பாள். விழுகிறது என்பார் இவர், ஏதோ ஒரு கண்ணாடியின் மூக்குத்தாங்கியைத் திருகிக்கொண்டே. பிறகு மலையில் பெருமழை பிடித்தது. போன் வரவில்லை.

போன்தான் வரவில்லையே தவிர, நெடும்பாதை ஆணையத்திலிருந்து மாதம் தவறாமல் தகவல் வந்தது. 'தங்கள் துணைவியார் நடந்துகொண்டிருக்கிறார். அவரது வேகம் சீராக உள்ளது.' போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் அங்கிருந்தவர் அதைப் படித்துவிட்டு, "நடந்துட்டு இருக்கறவங்களை எப்படிங்க காணோம்னு எழுதறது?" என்று கேட்டார். நியாயமாகத்தான் கேட்டார்.

கண்ணாடிக்காரரின் தொழிலில் இப்படிப்பட்ட குழப்பம் கிடையாது. நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே எழுத்துப் பலகையைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்பார். தெரிந்தால் தெரிகிறது என்பார்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்பார்கள். காலமெல்லாம் அப்படியே கேட்டுப் பழகியவர், ஆணையத்துக்கு நான்கு முறை போய், "என் மனைவி இருக்காங்களா, இல்லையா?" என்று கேட்டார். நான்கு முறையும், "பதிவின்படி நடந்துகொண்டிருக்கிறார்," என்றார்கள். ஐந்தாவது முறை கேட்பதற்குப் பதிலாகத் தானே நடந்து போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார். முழங்கால் எதிர்ப்புத் தெரிவித்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

"அனுமதி கினுமதின்னு அலையாம, பேசாம பாதையோட கேட்டைத் தாண்டிப் போயிடுங்க அத்தான். எவன் பாக்கப் போறான்?" என்றாள் மச்சினி.

அவளுக்கு அத்தானைத் தெரியாதா என்ன? ஆள் நடமாட்டமே இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறவர். விளக்கு பழுதாகி இருந்தால், பழுது பார்க்க ஆள் வரும்வரை நிற்கிறவர். அனுமதி வாங்கித்தான் போவார். அனுமதிக்கு முதல் படி, ஆணையம் ஏற்றுக்கொள்ளும் கூடாரம்.

கழி ஒடிந்ததைப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கப் போன கூடாரக் கடையில் ஒரு பெண் இருந்தாள். எந்தக் கூடாரத்தையும் சுண்டு விரலில் மாட்டித் தூக்கிக் காட்டுவாள்.

"ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா சார்?"

"போறப்ப ஒருத்தர். வர்றப்ப ரெண்டு பேர்."

"ஓஹோ! மலை மேல பொண்ணு பாத்து வெச்சிருக்கீங்களா?"

"ஆமாம்மா. பாத்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு."

அவள் சிரித்தாள். இவரும் சிரித்து வைத்தார். ஒற்றைத் துணிக் கூடாரம் எடை குறைவு, ஆனால் விடும் மூச்சு உள்பக்கம் வேர்த்து முகத்திலேயே சொட்டும் என்றாள். இரட்டைத் துணி என்றால் சொட்டாது, ஆனால் முதுகு சொல்லும் என்றாள். கடைசியில் ஒற்றைத் துணியில், தனிக் கழி இல்லாமல் நடைக்கம்பையே ஊன்றி நிறுத்தும் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இருவர் படுக்கலாம். சுருட்டினால் ஒரு பன் ரொட்டி அளவு. கண்ணாடிக்காரர் அதைக் கையில் வாங்கியபோது, பொட்டலம் காலியோ என்று திறந்து பார்த்துக்கொண்டார்.

நெடும்பாதை ஆணையத்தின் கட்டடம் கருங்கல்லால் ஆனது. நுழைவாயிலில், ஆறு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத பித்தளைப் பலகையில், 'எடையே எதிரி' என்று பொறித்திருந்தது. கூடாரப் பிரிவு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, நடையர்களின் மனவுறுதியைக் காக்கும் பொருட்டு அது அதிகாரிகளுக்கு மட்டும்.

கூடார ஆய்வாளர் அச்சடித்த தமிழில் பேசுகிறவர். கூடாரத்தைத் தராசில் வைத்து, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்திருந்து, பிறகு விட்டார்.

"விண்ணப்பதாரர் தனிநபர் நடையர். கூடாரமோ இருநபர்க் கூடாரம். இரண்டாம் நபர் யார்?"

"என் மனைவிங்க."

"அவர் விண்ணப்பித்துள்ளாரா?"

"அவ போன வருஷமே போயிட்டா சார். உங்க பாதையிலதான் இருக்கா. நீங்கதானே மாசாமாசம் எழுதறீங்க?"

"அப்படியெனில் அவர் ஏற்கெனவே கூடாரம் உடையவர். நடந்துகொண்டிருப்பவருக்கு இரண்டாவது கூடாரம் கொண்டு செல்வது ஆடம்பரம்."

"சரிங்க. அப்ப ஒருத்தர் படுக்கறதே எடுத்துட்டுப் போறேன்."

"தாராளமாக. ஆனால் பயண நோக்கம் 'மனைவியைச் சந்தித்தல்' என்று கூறியிருக்கிறீர்கள். சந்தித்தபின் தனிநபர்க் கூடாரத்தில் இருவர் தங்கினால் அது நெரிசல் குற்றம்."

"சந்திச்ச பிறகு நான் வெளியில படுத்துக்கறேங்க."

"கூடாரமின்றி வெளியில் படுப்பது அதைவிடப் பெரிய குற்றம்."

கண்ணாடிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "சார், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ இருக்காளா?"

ஆய்வாளர் தராசின் தட்டைத் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றுமில்லை. "பதிவின்படி நடந்துகொண்டிருக்கிறார்," என்றார் தட்டைப் பார்த்தபடி. பிறகு சட்டென்று நிமிர்ந்து, இருநபர்க் கூடாரத்துக்கு விலக்கு கோரலாம், ஆனால் மற்ற சாமான்களின் எடையைக் குறைக்க வேண்டும், எப்படிக் குறைப்பது என்பது 'சுமை தவிர்ப்பு நெறிமுறை'யில் உள்ளது என்றார். நெறிமுறை மூன்று பாகம், கெட்டி அட்டை. தள்ளுவண்டியில் வந்தது.

"இதைப் படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடணுமாங்க?"

"இல்லை. பயணம் முழுவதும் உடன் வைத்திருக்க வேண்டும். குடில் தோறும் சரிபார்ப்பார்கள்."

அந்த வாரம் கண்ணாடிக்காரர் எடையைக் குறைத்தார். பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியை அறுத்தார். சட்டைக் காலரில் தைத்திருந்த கம்பெனிப் பெயர்த் துணுக்கைப் பிய்த்தார். பைக்குள் மனைவிக்கென்று வைத்திருந்த கம்பளிச் சால்வையை எடுத்தார், வைத்தார், எடுத்தார், வைத்தார்.

"மீசையை எடுத்துட்டா எவ்வளவு கொறையும் அத்தான்?" என்றாள் மச்சினி.

"உங்க அக்காவுக்கு அடையாளம் தெரியாமப் போயிடும்."

அதற்குமேல் அவள் கேலி செய்யவில்லை. சால்வையை வாங்கி, காற்றை அழுத்தி எடுத்து, கைக்குட்டை அளவுக்கு மடித்து, பையின் அடியில் தானே வைத்தாள்.

விலக்குக் கோரிக்கைக்குப் பதில் வருவதற்குள் ஓர் அழைப்பு வந்தது. டீச்சருக்கு 'நிலைத்த நடையர்' பதக்கம். குடும்பத்தார் வந்து பெற்றுக்கொள்ளவும். ஆணையத்தின் ஆண்டு விழா. அரங்கில் நிறையப் பேர். எல்லாரும் யாரோ ஒருவருக்காக வந்தவர்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல் தடவையாங்க?" என்றார்.

"ஆமாங்க. என் மனைவிக்கு. உங்களுக்கு?"

"பையனுக்கு. இது அஞ்சாவது. முதல் ரெண்டையும் தெனம் தொடைச்சு வெச்சேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "கனமா இருக்கும். ரெண்டு கையாலயும் வாங்கிக்குங்க."

ஆணையத் தலைவியார் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். பேச்சை அவர் படிக்கவில்லை, நம்பினார்.

"அன்பார்ந்த குடும்பத்தினரே! இந்தப் பாதை திறக்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை இதில் ஓர் உயிர்கூடப் போனதில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை; பதிவில் அதற்கான இடமே கிடையாது என்பதால் சொல்கிறேன்."

கைதட்டல்.

"மற்ற பாதைகளில் என்ன நடக்கிறது? போகிறார்கள், முடிக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். என்ன பற்று அது? நம் பாதையில்தான், திரும்பும் எண்ணமே இல்லாமல் நடக்கிறார்கள். பதினொரு ஆண்டுகளாக நடப்பவர்கள் நம்மிடம் உண்டு. சென்ற மழையில் பாதை அறுந்துவிட்டது என்று சிலர் வதந்தி பரப்பினார்கள். பாதை அறுபடவில்லை. மலை சற்றுத் தளர்ந்து அமர்ந்தது. பாதையும் மரியாதை கருதிக் கூடவே கீழே இறங்கியது. அவ்வளவுதான். பாதையோடு இறங்கிய நடையர்கள் இப்போது கீழ்மட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறார்கள்."

அரங்கில் யாரோ ஒரு குழந்தைக்கு இருமல் எடுத்தது. மேடையின் ஓரத்தில் நின்றிருந்த கூடார ஆய்வாளர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூகோள டீச்சரின் பெயர் வாசிக்கப்பட்டது. கண்ணாடிக்காரர் மேடை ஏறினார், இரண்டு கையாலும் வாங்கினார், உண்மையிலேயே கனம்தான். இறங்க வேண்டியவர் இறங்காமல் மைக்கின் பக்கம் திரும்பினார். வாழ்நாளில் முதல் முறையாகச் சிவப்பு விளக்கைத் தாண்டினார்.

"அம்மா, என் மனைவி உயிரோட இருக்காளா?"

அரங்கில் கைப்பைகள்கூட அசையவில்லை. அத்தனை பேரும் தலைவியாரின் வாயையே பார்த்தார்கள்.

"மிக அருமையான கேள்வி!" என்றார் தலைவியார். "இப்படிப்பட்ட அக்கறையுள்ள குடும்பத்தினரே நமது சொத்து. இவருக்கு ஒரு பலத்த கைதட்டல் கொடுப்போமா?"

கொடுத்தார்கள். ஐந்து பதக்கப் பெண்மணி மட்டும் கைப்பையின் வாரைப் பிடித்தபடி இருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் தலைவியார் பெருந்தன்மையாக ஓர் உத்தரவு போட்டார். இவருடைய கூடாரச் சிக்கலை நாளைக் காலையே தீர்த்துவிட வேண்டும். இருவர் தங்கல் சோதனையை நேரில் நடத்திப் பார்த்து விலக்கு வழங்குங்கள். இரண்டாம் நபர் நடந்துகொண்டிருப்பதால் வர இயலாது. அவருக்குப் பதிலாக ஆய்வாளர் படுப்பார்.

மறுநாள் காலை கூட்ட அறையில் மேசைகளை ஓரம் தள்ளினார்கள். தடித்த கம்பளத்தில் முளை இறங்காது. கண்ணாடிக்காரருக்கு இப்போது அனுபவம் இருந்தது. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஆட்டிப் பார்த்துவிட்டு, மேசைக் கால்களில் மட்டும் கயிறு கட்டினார். இரண்டு நடைக்கம்புகளை ஊன்றியதும் பச்சைத் துணி எழுந்து நின்றது. தலைவியாரும் குழுவினரும் நாற்காலி போட்டு எதிரே அமர்ந்தார்கள். மச்சினி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே வராந்தாவில் நின்றாள், உள்ளே விடவில்லை.

ஆய்வாளர் காலணிகளைக் கழற்றி ஜோடியாக வைத்தார். ஒரு காலுறையில் கட்டை விரல் எட்டிப் பார்த்தது. தன் தொந்தியை முதலில் அனுப்பி, பின்னால் தானும் தவழ்ந்து உள்ளே போனார். கண்ணாடிக்காரர் பின்தொடர்ந்தார். யாரோ வெளியிலிருந்து ஜிப்பை இழுத்து மூடினார்கள்.

உள்ளே எல்லாமே பச்சையாக இருந்தது. இரண்டு ஆண்கள் தோளோடு தோள் ஒட்டி, மல்லாந்து படுத்து, ஒரு சாண் உயரத்தில் இருந்த துணியைப் பார்த்தார்கள். திரும்பினால் மூக்கு இடிக்கும். ஆய்வாளரின் சட்டையில் வீட்டுச் சோப்பின் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் இருவர் மூச்சும் மேலே போய் வேர்த்துப் பனித்தது.

"இரு நபர்களும் நிலைபெற்றுவிட்டீர்களா?" என்று தலைவியாரின் குரல் கேட்டது.

"நிலைபெற்றுக்கொண்டிருக்கிறோம், அம்மையீர்!" என்று ஆய்வாளர் உரக்கச் சொன்னார். பிறகு அவர் குரல் இறங்கியது. அந்தக் குரலைக் கண்ணாடிக்காரர் அதுவரை கேட்டதில்லை.

"சார், கால் இடிக்குதா?"

"இல்லைங்க."

"நல்ல கூடாரம்தான். நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க."

"எடைதான் உங்களுக்குப் பிரச்சினை. ஒருத்தருது எடுத்துட்டுப் போறதா, ரெண்டு பேருதா? நீங்களே சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் கேட்டுக்கறேன்."

ஆய்வாளர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"ஒருத்தருது போதுங்க," என்றார்.

வெளியே யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரரும் குரலைத் தாழ்த்தினார்.

"நேராச் சொல்லிடுங்க சார். எனக்குப் புரியற மாதிரி."

"இறந்துட்டாங்க. போன மழையில. ஒன்பதாவது குடிலைத் தாண்டி ஒரு சரிவு இருக்கு, அங்க கூடாரம் போட்டிருந்தாங்க. ராத்திரி மண்ணு எறங்கிடுச்சு. நான்தான் ஆளுங்களோட போய் எடுத்தேன். அங்கயே மேட்டுல பொதச்சுக் கல்லு அடுக்கியிருக்கோம். வழி சொல்றேன், நீங்க போய்ப் பாக்கலாம்."

"சோதனைத் தரப்பினர் ஏன் பேசுகிறார்கள்?" என்றார் தலைவியார் வெளியிலிருந்து.

"இடவசதியை மதிப்பிடுகிறோம், அம்மையீர்!"

கண்ணாடிக்காரர் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது முறை சத்தம் வந்தது.

"கஷ்டப்பட்டாளா?"

வேறு யாராக இருந்தாலும் உடனே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். ஆய்வாளர் யோசித்தார்.

"நான் அப்ப அங்க இல்லைங்க, அதனால சத்தியம் பண்ண முடியாது. தூக்கத்துலதான்னு நெனைக்கிறேன். மூக்குக்கண்ணாடியைக் கழட்டி, அதோட காலை மடிச்சு, மிதிபட்டுடக் கூடாதுன்னு ஷூவுக்குள்ள வெச்சிருந்தாங்க. அதுல ஒரு கீறல்கூட இல்லை."